ஸ்வாஹிலிக்கு ஆங்கிலம் சுற்றுவழி

அடுத்த மாதம் டான்சானியாவின் டார் எஸ் சலாமில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேரப் போகிறீர்கள். அன்றாடம் வாயில் வரும் இருபது ஆங்கில வாக்கியங்களை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, அது கொடுத்த ஸ்வாஹிலியை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ‘இதை மனப்பாடம் பண்ணினால் போதுமா, சரியாக இருக்கிறதா?’ என்பது உங்கள் கேள்வி. நான் அந்த ஊரில் கணக்கு வேலையில் 11 வருடம் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பாதி சரி. மீதிப் பாதியில் தப்பு உங்களுடையதும் இல்லை, செயலியுடையதும் இல்லை. நீங்கள் தமிழில் நினைத்ததை முதலில் ஆங்கிலமாக்கி, பிறகு ஸ்வாஹிலி ஆக்கியிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து திருமங்கலம் போவதற்குத் திருச்சி வழியாகப் போன மாதிரி. உதாரணத்துக்கு ‘ஐ ஆம் குட்’. உங்கள் நோட்டில் ‘மீமி நி ம்ஸூரி’ என்று இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை சரிதான். ஆனால் நலம் விசாரிப்பவரிடம் இதைச் சொன்னால், ‘நான் அழகாக்கும்’ என்று நீங்கள் அறிவித்துக்கொண்டதாகத்தான் காதில் விழும். யாரும் திருத்த மாட்டார்கள். ‘ஆமாம் சிஸ்டர், அழகுதான்’ என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

வாக்கியங்களுக்குப் போகும் முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள், நல்லது, நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் ஸ்வாஹிலியில் வல்லினம் அழுத்தி ஒலிப்பதும் மெலிந்து ஒலிப்பதும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். ‘பீக்கா’ என்று அழுத்தினால் சமைப்பது. ‘பீகா’ என்று ‘பகல்’ என்பதில் வரும் க போல மெலித்தால் அடிப்பது. எங்கள் அலுவலகத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் மதிய டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமையாக, ‘ம்கே வாங்கு அனபீகா விஸூரி’ என்றார். ‘என் மனைவி நன்றாகச் சமைப்பாள்’ என்று சொல்ல வந்தவர், ‘என் மனைவி நன்றாக அடிப்பாள்’ என்று சொல்லி முடித்திருந்தார். எதிரில் இருந்த டிரைவர் மிகுந்த அனுதாபத்தோடு ‘போலே சானா’ என்றார். அந்த ‘போலே’யைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதே போல, மெலிந்த உதட்டொலியில் ‘பாபா’ அப்பா. ‘பால்’ என்பதில் வருவது போல இரண்டையும் அழுத்திச் சொன்னால் சுறா மீன். ஆகவே இடையில் அழுத்த வேண்டிய இடத்தில் ஒற்று போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கீழே நானும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தம் விழும். ஹபாரி, கரீபு, அசான்தே என்று நெடில் போட்டிருப்பது அதற்காகத்தான்.

இப்போது ‘ஹவ் ஆர் யூ’. ஸ்வாஹிலியில் ‘எப்படி’ என்று கேட்பதில்லை, ‘சேதி’ என்றுதான் கேட்கிறார்கள். ‘ஹபாரி’ என்றால் செய்தி. ‘ஹபாரி ஸா அசுபூஹி’ என்றால் ‘காலைச் சேதி என்ன’. நம் ஊரில் ‘என்ன சேதி’, ‘என்ன விசேஷம்’ என்று ஆரம்பிப்போமே, அச்சு அசல் அதுதான். ‘ஹபாரி’யோடு எதை வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம். வீட்டுச் சேதி, வேலைச் சேதி, பயணச் சேதி, பிள்ளைகள் சேதி. ரொம்ப நாள் பார்க்காதவரைப் பார்த்தால் ‘ஹபாரி ஸா சீக்கு ன்யீங்கி’, பல நாள் சேதி. எல்லாவற்றுக்கும் பதில் ‘ன்ஸூரி’, நல்ல சேதிதான். காய்ச்சலில் கிடப்பவரும் முதலில் ‘ன்ஸூரி’ என்பார், அடுத்த மூச்சில்தான் ‘ஆனால்’ என்று ஆரம்பிப்பார். வார்டில் இதை மறக்காதீர்கள். ‘ன்ஸூரி’யை நம்பி அடுத்த கட்டிலுக்குப் போய்விடக் கூடாது. நோயாளியிடம் உண்மையான பதில் வேண்டுமானால் ‘உனயெண்டெலெயாஜே’ என்று கேளுங்கள், ‘எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது’ என்று அர்த்தம்.

‘குட் மார்னிங்’குக்கு உங்கள் நோட்டில் ‘அசுபூஹி ன்ஜேமா’ என்று இருக்கிறது. அது நம் ‘காலை வணக்கம்’ போல. தப்பில்லை, ஆனால் வீட்டில் யார் யாரிடம் சொல்கிறார்கள்? மேலே சொன்ன ‘ஹபாரி ஸா அசுபூஹி’தான் வாயில் புழங்குவது. ‘ஜாம்போ’ என்று மட்டும் சொல்வதும் வேண்டாம். அது சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. முறையாகக் கேட்பது ‘ஹுஜாம்போ’, பதில் ‘சிஜாம்போ’.

இந்த விசாரிப்பைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதை முதல் வாரமே கற்றேன். ஓர் அலுவலகக் கவுண்டரில் வரிசை வந்ததும் நேராக, ‘படிவம் எங்கே கிடைக்கும்’ என்று கேட்டேன், எல்லாம் சரியான ஸ்வாஹிலியில். உள்ளே இருந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். ‘ஹபாரி ஸா அசுபூஹி?’ என்றார், நிதானமாக. எனக்கு முகம் சுண்டிவிட்டது. நான் ‘ன்ஸூரி’ சொல்லி, அவர் சேதி கேட்டு, அவர் வேலைச் சேதி கேட்டு, பிறகுதான் படிவம் வந்தது. அது மேசையிலேயே, அவர் கைக்குக் கீழேதான் இருந்தது.

வயதானவர்களுக்கு வேறு கணக்கு. அவர்களுக்கு ‘ஷிக்கமோ’. ‘உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன்’ என்பதிலிருந்து வந்ததென்று விளக்குவார்கள். பெரியவர் ‘மரஹாபா’ என்று ஏற்றுக்கொள்வார். நம் ஊரில் ‘கும்பிடுறேங்க’ என்றதும் ‘நல்லாயிரு’ என்று வருமே, அதே தாளம். எழுபது வயதுப் பாட்டிக்கு ஊசி போடும் முன் ‘ஷிக்கமோ, பீபி’ என்று சொல்லிப் பாருங்கள், கை தானாக நீளும். ஒருநாள் உங்களைப் பார்த்தே ஒரு பள்ளிப் பிள்ளை ‘ஷிக்கமோ’ என்னும். அன்றைக்கு ‘ன்ஸூரி’ என்று உளறாமல் ‘மரஹாபா’ சொல்லிவிட்டு, வயதாகிவிட்டதே என்று பிறகு வருத்தப்பட்டுக்கொள்ளலாம்.

‘ப்ளீஸ்’ என்பதற்கு அகராதியில் ‘தஃபதாலி’ என்று இருக்கும். அறிவிப்புப் பலகையிலும் விமானத்திலும் கேட்கலாம். வீட்டிலும் கடையிலும் மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் நோட்டில் உள்ள ‘தஃபதாலி நீப்பே மாஜி’யில் ‘நீப்பே’ என்றால் ‘கொடு’. முன்னால் தயவுசெய்து போட்டாலும் ‘தயவுசெய்து கொடு’தான். டான்சானியக் கரையோரத்தில் ‘நவோம்பா மாஜி’ என்பார்கள், ‘தண்ணீர் வேண்டிக்கொள்கிறேன்’. நாம் ‘கொஞ்சம் தண்ணி குடுங்க’ என்று ‘கொஞ்சம்’, ‘ங்க’ இரண்டிலும் மரியாதையை ஒளித்து வைப்பது போல, அவர்கள் ‘நவோம்பா’வில் வைத்திருக்கிறார்கள். நைரோபியில் ‘நீப்பே’க்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. நீங்கள் போவது டார் எஸ் சலாம், ஆகவே ‘நவோம்பா’.

‘சாரி’தான் உங்கள் பட்டியலிலேயே கனமான வார்த்தை. ஆங்கிலத்தில் அது ஒன்றுதான். ஸ்வாஹிலியில் மூன்றாகப் பிரியும். வழி கேட்க, கூப்பிட, லேசாக இடித்துவிட்டால் சொல்ல ‘சமஹானி’. நிஜமாகவே தவறு செய்து மன்னிப்புக் கேட்க ‘நிசமேஹே’. மூன்றாவது ‘போலே’. இது மன்னிப்பு கிடையாது. உங்களுக்கு நேர்ந்த கஷ்டத்தில் எனக்கும் பங்கு என்பது. தெருவில் ஒருவர் கால் தடுக்கினால் அக்கம்பக்கத்தில் இருக்கும் நாலு பேரும் ‘போலே’ என்பார்கள், தள்ளிவிட்டது அவர்கள் இல்லை. தமிழில் அந்த இடத்தில் ‘அச்சச்சோ, பாத்து’ என்போம். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது ‘போலே நா காஸி’, உங்கள் வேலைக்காக போலே. பயணம் முடித்து வந்தவருக்கு ‘போலே நா சஃபாரி’. சஃபாரி என்றால் வெறும் பயணம்தான், சிங்கம் பார்க்கப் போவது மட்டும் இல்லை. பஸ்ஸில் மொரோகோரோ போய் வந்தாலும் சஃபாரிதான்.

முதலில் எனக்கு இது விளங்கவில்லை. காலையில் அலுவலகம் கூட்டும் அம்மாவுக்கு நான் ‘போலே நா காஸி’ சொல்ல ஆரம்பிக்க ஆறு மாதம் ஆயிற்று. அதற்குத் தமிழில் என்ன என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒருவர் வியர்வையை இன்னொருவர் பார்த்தேன் என்று சொல்ல நம்மிடம் தனி வார்த்தை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ‘கஷ்டப்படுறீங்க’ என்று சொன்னால் குத்தலாகிவிடும். உங்களுக்கு இது நாளுக்கு ஐம்பது முறை தேவைப்படும். ஊசி ஏற்றும்போது, கட்டுப் பிரிக்கும்போது, வலியில் முனகும்போது ‘போலே சானா’. இறப்பு நேர்ந்த குடும்பத்தாரிடம் பலருக்குச் சேர்த்து ‘போலேனி சானா’. செயலி அங்கே ‘சமஹானி’ என்று கொடுத்திருக்கிறது. அதைச் சொன்னால் வழி விடச் சொல்வது போல இருக்கும், அல்லது இறந்ததில் உங்கள் கை இருப்பது போல இருக்கும். அந்த ஒரு வரியை இன்றே அடித்துவிடுங்கள்.

அதே வார்த்தையை இரட்டித்து ‘போலே போலே’ என்றால் ‘மெல்ல மெல்ல’. நடக்கப் பழகும் நோயாளிக்கு இதுவும் உதவும்.

‘வெல்கம்’ என்ற ஒன்றை நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்: ‘கரீபு’. அது நம் ‘வாங்க’. கரீபு என்றால் அடிப்படையில் ‘பக்கத்தில்’ என்று பொருள். கதவுக்கு வெளியே நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து ‘கரீபு’ வரும். நாற்காலியைக் காட்டி ‘கரீபு கீத்தி’, சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் யாராவது வந்தால் ‘கரீபு சக்கூலா’, கடையை விட்டுக் கிளம்பும்போது ‘கரீபு தேனா’, அதாவது திரும்ப வாங்க. ‘தேங்க் யூ’வுக்கு ‘அசான்தே’ என்றால் அதற்கும் பதில் ‘கரீபு’தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் நம்மூர் வழக்கம்தான். மறுக்கலாம், ஆனால் ‘அசான்தே’ சொல்லி மறுக்க வேண்டும். கூப்பிடாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் ஊர் பேசும்.

‘வாட் இஸ் யுவர் நேம்’ என்பதில் சின்ன ஆச்சரியம். ‘ஜீனா லாக்கோ நி நானி’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உன் பெயர் யார்?’ பெயர் ஒரு பொருள் இல்லை, ஆள்தான் என்று வைத்திருக்கிறார்கள். செயலி இதைச் சரியாகவே கொடுத்திருக்கிறது. நீங்கள்தான் சந்தேகப்பட்டு ‘நானி’க்கு மேல் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள், அழித்துவிடலாம்.

வலி விசாரிப்பதற்கு வருவோம். ‘உனவூம்வா வாப்பி?’, எங்கே வலிக்கிறது? இங்கேதான் மொழியின் எலும்புக்கூடு தெரியும். தலை வலித்தால் ‘கீச்வா கினனியூமா’. வயிறு வலித்தால் ‘தும்போ லினனியூமா’. ஒரு கால் வலித்தால் ‘ம்கூ உனனியூமா’, இரண்டும் வலித்தால் ‘மிகூ இனனியூமா’. வலிக்கிறது என்ற வினை ஒன்றே. அதன் தலையில் ‘கி’, ‘லி’, ‘உ’, ‘இ’ என்று தொப்பி மாறுகிறது. தமிழில் ‘வந்தான், வந்தாள், வந்தது’ என்று வால் மாறுவது போல. நாம் உயர்திணை, அஃறிணை என்று இரண்டு திணை வைத்தோம், அவர்கள் பத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். மனிதருக்கு ஒன்று, மரம் செடிக்கு ஒன்று, கருவி தட்டுமுட்டுச் சாமானுக்கு ஒன்று என்று ஏறக்குறைய. மாத்திரை ‘கிடோங்கே’, பல மாத்திரை ‘விடோங்கே’. ஒரு மாத்திரை ‘கிடோங்கே கிமோஜா’, இரண்டு ‘விடோங்கே விவீலி’. கூடவே அவன் அவள் பேதம் கிடையாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ‘யேயே’. நோயாளியைப் பற்றி அவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது ‘ஹி’யும் ‘ஷி’யும் மாறி மாறி வந்தால் குழம்பாதீர்கள்.

இந்தத் தொப்பிகளைப் புரிந்துகொள்ள உங்களையே உதாரணமாக வைக்கலாம். நீங்கள் ‘ம்ஹிண்டி’, இந்தியர். நாமெல்லாம் ‘வஹிண்டி’, இந்தியர்கள். ‘கிஹிண்டி’ இந்தி மொழி. ‘மஹிண்டி’ என்றால் மக்காச்சோளம். தெருவோரத்தில் கரியில் சுட்டு விற்பார்கள். என்னைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முதல் நாள் நின்றுவிட்டேன். வெளியிலிருந்து வந்த வார்த்தைகளையும் விடுவதில்லை. அரபுச் சொல்லான ‘கிதாப்’ ‘கிதாபு’ ஆனது. முதலில் ‘கி’ இருக்கிறதே என்று பன்மையை ‘விதாபு’ ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலேயர் ரவுண்டானாவில் ‘கீப் லெஃப்ட்’ என்று பலகை வைத்தார்கள். ரவுண்டானாவின் பெயரே ‘கிபிலெஃப்டி’ ஆயிற்று, இரண்டு ரவுண்டானா என்றால் ‘விபிலெஃப்டி’. நீங்கள் காய்கறி வாங்கப் போகும் கரியாக்கோ சந்தையின் பெயரும் அப்படித்தான், முதல் உலகப் போரில் சுமைகூலிப் படைக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த ‘கேரியர் கோர்’ என்ற பெயரின் மிச்சம்.

ஊசி போடுவதற்கு ‘சோமா சிண்டானோ’. ‘சோமா’ குத்துவதும்தான், சுடுவதும்தான். சுட்ட இறைச்சிக்கு ‘ந்யாமா சோமா’ என்று பெயர். ஊசிக்கு முன்னால் குழந்தை அலறுவது நியாயம்.

அடுத்தது உங்கள் பட்டியலில் ஆபத்தான வரி. ‘இரவு எட்டு மணிக்கு இரண்டு மாத்திரை.’ செயலி ‘சாஆ னானே’ என்று எழுதியிருக்கிறது. னானே என்றால் எட்டுதான். ஆனால் ஸ்வாஹிலியில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் அது ‘சாஆ மோஜா’, ஒரு மணி. நம் கடிகாரத்தில் காலை ஏழு. நண்பகல் பன்னிரண்டு ‘சாஆ சீத்தா’, ஆறு மணி. இரவு எட்டு ‘சாஆ ம்பீலி உசீக்கு’, இருட்டி இரண்டு மணி. ‘சாஆ னானே உசீக்கு’ என்று சொன்னீர்களென்றால் நோயாளி அலாரம் வைத்து நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மாத்திரை போடுவார். ஆறைக் கூட்டிக் கழித்துக்கொள்வதுதான் சூத்திரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடு, வருடம் முழுக்கக் காலை ஆறு வாக்கில்தான் விடியும், அதனால் இந்தக் கணக்கு பிசகுவதில்லை. நம் பாட்டன்மாரின் நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்துதானே ஆரம்பித்தது? அறுபது நாழிகை ஒரு நாள், பஞ்சாங்கத்தில் இன்னும் இருக்கிறது. அவர்கள் கைக்கடிகாரம் கட்டிய பிறகும் பழைய கணக்கை விடவில்லை, அவ்வளவுதான். கடிகாரத்தில் முள் எட்டில் இருக்கும், வாய் ‘இரண்டு’ என்று படிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘சாஆ ம்பீலி’ என்பது எட்டு மணி, இரண்டு மணி நேரம் இரண்டையும் குறிக்கும். பேச்சில் இரண்டு மணி நேரத்தை ‘மசாஆ மவீலி’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். இலக்கணக்காரர்கள் அதைத் தப்பு என்பார்கள். மருந்து விஷயத்தில் நான் தப்பான இலக்கணத்தின் பக்கம். சீட்டில் காலை, மதியம், இரவு என்று சேர்த்து எழுதி, நோயாளியின் போனில் நேரத்தைக் காட்டியே சொல்லிவிடுங்கள்.

கிழமைகளிலும் ஒரு வேடிக்கை. வாரம் சனியில் தொடங்குகிறது. சனி ‘ஜுமமோசி’, ஒன்று. ஞாயிறு இரண்டு, திங்கள் மூன்று, செவ்வாய் நான்கு, புதன் ‘ஜுமதானோ’, ஐந்து. அடுத்த நாள் வியாழன் ‘அல்ஹமீசி’, அரபியில் அதுவும் ஐந்தாம் நாள்தான். ஸ்வாஹிலி சேர்ந்த பாண்டு மொழிக் குடும்பத்தின் கணக்கில் ஒரு ஐந்து, அரபுக் கணக்கில் ஒரு ஐந்து, அடுத்தடுத்து. அப்பாயின்ட்மென்ட் எழுதும்போது திங்களை ஒன்று என்று எண்ணிப் போகாதீர்கள்.

‘ஆர் யூ மேரீட்’ என்று அவர்கள் உங்களைக் கேட்பார்கள், முதல் நாளே. ஆண் சொல்ல வேண்டியது ‘நிமெயோவா’, மணந்தேன். பெண் சொல்ல வேண்டியது ‘நிமெயொலேவா’, மணக்கப்பட்டேன். அவன் அவள் பேதமில்லாத மொழி இந்த இடத்தில் மட்டும் கறாராக இருக்கிறது. நம் ‘கட்டிக்கிட்டேன்’, ‘வாக்கப்பட்டேன்’ மாதிரி. நான் பெண் வாத்தியாரிடம் படித்ததால் முதல் ஆறு மாதம் எல்லோரிடமும் ‘வாக்கப்பட்டேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவில்லை என்றால் ‘இல்லை’ என்று வெட்டாமல் ‘பாடோ’ என்று சொல்லுங்கள், ‘இன்னும் இல்லை’. பிள்ளை இருக்கிறதா என்றாலும் ‘பாடோ’தான். ‘இல்லை’ என்றால் கதவைச் சாத்தின மாதிரி.

உறவுமுறையில்தான் ஆங்கிலச் சுற்றுவழி எவ்வளவு வீண் என்று தெரியும். ‘அங்கிள்’ என்று போட்டால் செயலி திணறுகிறது, எந்த அங்கிள் என்று அதற்குத் தெரியாது. நாம் தமிழிலிருந்து நேரே போகலாம். பெரியப்பா ‘பாபா ம்குப்வா’, சொல்லுக்குச் சொல் பெரிய அப்பா. சித்தப்பா ‘பாபா ம்டோகோ’, சின்ன அப்பா. பெரியம்மா, சித்தியும் அதே வழி, ‘மாமா ம்குப்வா’, ‘மாமா ம்டோகோ’. ஆமாம், ‘மாமா’ என்றால் அம்மா. உங்கள் வாய் பழக ஒரு மாதம் ஆகும். நம் மாமாவுக்கு, அம்மாவின் அண்ணன் தம்பிக்கு, ‘ம்ஜோம்பா’ என்று தனிச் சொல். அப்பாவின் அக்கா தங்கைக்கு, நம் அத்தைக்கு, ‘ஷங்காஸி’. சக வயது ஆணை ‘காக்கா’ என்று கூப்பிடலாம், சகோதரன். சிரிப்பு வந்தால் காயல்பட்டினத்துக்காரர் யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் அண்ணன் காக்காதான். பெண்ணை ‘டாடா’. அலுவலகம் கூட்டுபவர் முதல் மேலதிகாரி வரை ஏதாவது ஒரு முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். வெறும் பெயர் மொட்டையாக இருக்கும்.

இனி எனக்குப் பிடித்த இடம். ‘ஐ வில் கால் யூ’ என்பதற்கு ‘நிதகுபிகீயா சீமு’. முதல் சொல்லுக்குள் நான், எதிர்காலம், உனக்கு, அடி எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘உனக்கு போன் அடிப்பேன்.’ ஸ்வாஹிலியில் ‘பீகா’, அடி, எதோடும் ஒட்டும். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது ‘பீகா ராங்கி’. கூடாரம் அடிப்பது ‘பீகா காம்பி’. விசில் அடிப்பது ‘பீகா ம்லூஸி’. அரட்டை அடிப்பது ‘பீகா சோகா’. முங்கு நீச்சல் அடிப்பது ‘பீகா ம்பீஸி’. அச்சடிப்பது ‘பீகா சாப்பா’, நம் சாப்பா குத்துகிற அதே சாப்பா. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வினை, ஒவ்வொன்றாக மனப்பாடம் பண்ண வேண்டும். தமிழ்க்காரருக்கு மனப்பாடம் வேண்டாம், அடித்துப் பார்த்தால் பாதி இடத்தில் பொருந்தும். உச்சம் என்னவென்றால் ‘பீகா மாஜி’. மாஜி என்றால் தண்ணீர். கொச்சையில் ‘தண்ணி அடி’. அர்த்தமும் அதேதான்! இதை ஒரு சனிக்கிழமை மாலை முதன்முதலாகக் காதில் கேட்டபோது, ஐயாயிரம் கிலோமீட்டர் எல்லாம் தூரமே இல்லை என்று தோன்றியது.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. வினை நம்மைப் போலக் கடைசியில் வராது, ஆங்கிலம் போல நடுவில் வரும். அடை பின்னால் வரும், ‘நல்ல புத்தகம்’ இல்லை, ‘புத்தகம் நல்ல’. எண்ணும் பின்னால்தான். ஆனாலும் பணத்தில் மறுபடி நம் பக்கம். டான்சானிய ஷில்லிங்கில் சின்னச் சாமானுக்கும் ஆயிரக் கணக்கு ஆகும். நூறு ஆயிரத்தை அவர்கள் ‘லாக்கி மோஜா’ என்கிறார்கள். லாக்கி நம் லட்சம், பணத்துக்குப் ‘பேசா’, நம் பைசா. மேசைக்கு ‘மேஸா’. போர்ச்சுகீசியர் இரண்டு கரையிலும் இறக்கிவிட்டுப் போன ஒரே மேசை. கைக்குட்டைக்கு ‘லேசோ’, யாழ்ப்பாணத்தில் லேஞ்சி என்பார்களே, அதே போர்ச்சுகீசியச் சொல். ஆட்டோவுக்கு ‘பஜாஜி’, விளக்கம் தேவையில்லை. சந்தையில் ‘பெய் யா ம்வீஷோ?’, கடைசி விலை என்ன? ‘புங்கூஸா கிடோகோ’, கொஞ்சம் குறைங்க. இரண்டும் நம்மூர்ப் பேரம்தான், தொனி கூட மாற்ற வேண்டாம்.

வார்த்தையைத் தேர்வதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அந்த நாட்டின் முதல் ஜனாதிபதியே சாட்சி. ஜூலியஸ் நியெரேரே பதவியில் இருந்தபடியே ஷேக்ஸ்பியரை ஸ்வாஹிலியில் மொழிபெயர்த்தார். ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்துக்கு 1969இல் அவர் வைத்த பெயர் ‘மபேபாரி வா வெனீசி’. பேபாரி நம் வியாபாரி என்ற சொல்லின் உடன்பிறப்பு, இந்தியக் கடைக்காரர்களோடு கப்பலேறிப் போனது. ஆனால் அதற்குள் அது அங்கே ‘முதலாளி வர்க்கத்தான்’ என்று பொருள் மாறியிருந்தது. 1967இல் சோஷலிசப் பாதையை அறிவிக்கும் அருஷா பிரகடனம் வெளியிட்டு வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியவர், வணிகன் என்ற ஒருமையைப் பன்மையாக்கி, ‘வெனிஸின் முதலாளிகள்’ என்று வைத்தார். அது தவறான மொழிபெயர்ப்பு என்று எவரும் சொல்லிவிட முடியாது.

மிச்சம் இருப்பவை சில்லறை. ‘நோ ப்ராப்ளம்’ என்பதற்கு ‘ஹக்கூனா மதாத்தா’ வேண்டாம். கார்ட்டூன் படம் பார்த்து வந்தவர் என்று நினைப்பார்கள். ‘ஹாம்னா ஷீடா’ போதும். ‘வெயிட்’ என்பதற்கு ‘சுபீரி’, அது பொறுமை என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘பொறுங்க’ போல இரண்டு வேலையும் செய்யும். இளவட்டங்கள் ‘மாம்போ’ என்றால் ‘போவா’ என்று பதில் சொல்லுங்கள். டாக்டரிடம் மட்டும் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ‘குட் பை’. ‘க்வாஹேரி’ சரி. தினமும் பார்ப்பவர்களிடம் ‘துதவொனானா’, பார்ப்போம். ஆனால் வார்டிலிருந்து இரண்டு நிமிடம் மருந்து எடுக்கப் போகும்போது என்ன சொல்வது? செயலி ஒரு நீளமான வாக்கியம் கொடுத்திருக்கிறது. அங்கே ஆட்கள் எழுந்து, முதுகைக் காட்டி நடந்தபடி ‘நகூஜா’ என்பார்கள், ‘வருகிறேன்’. என்னோடு வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயர், ‘போகிறவன் எதற்கு வருகிறேன் என்கிறான்’ என்று பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.